அம்சம் வீட்டு நண்டு

செம்பியங்கரை
18-10-1971

இல்லை அக்கா, கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. வெறும் ஒரு ராச்சாப்பாடு. அப்பா உனக்கு என்ன எழுதினாரோ தெரியவில்லை.

நான் நலம். இவர் நலம், அத்தை நலம். மழை இன்னும் பிடிக்கவில்லை. நடவு முடிந்து எங்கும் பச்சை. அங்கே நீ, அத்தான், குழந்தைகள் எப்படி? சின்னவனுக்கு இருமல் விட்டதா?

விஷயம் இதுதான். அடுத்த மாதம் ஓர் அதிகாரியைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார் இவர். ஸ்பெஷல் டெபுடி தாசில்தார், அமிர்தலிங்கம் என்று பெயர். கூட ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் எங்கள் உரக்கடைக்காரரும். சாப்பாட்டோடு பீர். மதுவிலக்கை எடுத்ததும் தஞ்சாவூரில் கடை திறந்துவிட்டார்கள் அல்லவா, பெட்டி வந்து மாடியில் இருக்கிறது. வைக்கோல் சுற்றிய பாட்டில்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மருந்துக்கடை ஞாபகம் வந்தது.

எதோடு எதைப் பரிமாறுவது என்று இந்த ஊரில் யாரைக் கேட்பது? இவருக்கும் தெரியவில்லை. "கவிச்சியா நாலு வை" என்கிறார். அத்தை ஒரே நிபந்தனை போட்டிருக்கிறார். மாடியில் எது வேண்டுமானாலும் நடக்கட்டும், வாடை கீழே இறங்கக் கூடாது.

அத்தான் பீர் தொழிற்சாலையில் இருக்கிறார். உனக்குத் தெரியாமல் இருக்காது. அண்ணாமலையில் எனக்கு இதைத் தவிர எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள்.

எழுது.

மங்களம்


பெங்களூர்
26-10-1971

என் தங்கை மங்களத்துக்கு, அக்கா பிரகதா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே எழுதுவது. இங்கே எல்லாரும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம். சின்னவனுக்கு இருமல் நின்றுவிட்டது, பெரியவளுக்கு ஆரம்பித்திருக்கிறது. வீட்டில் ஒருத்தராவது இருமிக்கொண்டு இருக்க வேண்டும் போல.

எம்.ஏ. படித்தவள் என்னிடம் பாடம் கேட்கிறாள். இந்தக் கடிதத்தை நான் பத்திரப்படுத்தப் போகிறேன்.

கேட்டுக்கொள். பீர் கசக்கும். அதனால் புளி வேண்டாம். உன் கையால் வைக்கும் மீன்குழம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அன்றைக்கு வைக்காதே, நாக்கு பித்தளையை நக்கினதுபோல் ஆகும். எண்ணெயில் பொரித்தது பொருந்தும். உப்பு பொருந்தும். முத்துப்பேட்டை இறால் வாங்கி மிளகாய்த்தூள் தடவி வறு. வறுத்த கடலை கொஞ்சம், பச்சை வெங்காயம் பொடியாக அரிந்து மேலே தூவு. இங்கே கட்லெட் என்று ஒன்று செய்கிறோம், உருளைக்கிழங்கும் கறியும், அது அங்கே வேண்டாம், உடைந்து மானம் போகும். பாயசம் கூடவே கூடாது. கடைசியில் தயிர் சாதம், யாராக இருந்தாலும் அதில்தான் கரையேறுவார்கள்.

அதிகாரிக்கு எதற்குச் சாப்பாடு? மாப்பிள்ளைக்கு உத்தியோகம் பார்க்கும் எண்ணம் வந்துவிட்டதா? ஒன்றும் எழுதவில்லையே நீ.

அத்தான் பக்கத்தில் நின்று பேனாவைப் பிடுங்குகிறார். கொடுக்கிறேன்.

அக்கா

மங்களம், நான் நடராசன். உன் அக்கா சமையலைச் சொன்னாள், முக்கியமானதை விட்டுவிட்டாள். ஐஸைப் பாட்டிலுக்கு வெளியே வை, டம்ளருக்குள் போடாதே, அது பாவம். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், கண்ணாடி. சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றச் சொல். நுரை இரண்டு விரல்கடை நின்றால் போதும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.


செம்பியங்கரை
2-11-1971

அக்கா,

நலம். மழை பிடித்துக்கொண்டது. கடிதம் ஈரமாக வந்தது, அத்தான் எழுத்து மட்டும் கொஞ்சம் கரைந்திருந்தது.

ஐஸுக்குச் சொல்லிவைக்க டிரைவரோடு அதிராம்பட்டினம் போனேன். ஐஸ் வைத்திருப்பவர் அப்துல் ஹமீது, இவருக்குப் பழக்கம். "மீனுக்குத்தானேம்மா?" என்றார். "மீனுக்குத்தான்" என்றேன். கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "மீன் பெட்டி ஐஸ் வாடை அடிக்கும். தனிக் கட்டியா உமியில பொதிஞ்சு அனுப்புறேன். எதுக்குன்னு நான் கேக்கல, நீங்களும் சொல்லல." காசு வாங்கும்போதும் சிரிக்கவில்லை.

எதற்குச் சாப்பாடு என்று கேட்டிருந்தாய்.

எங்கள் வாய்க்காலுக்குத் தெற்கே களத்துமேடு. நீ கல்யாணத்துக்கு வந்தபோது பார்த்திருப்பாய், ரோட்டோரமாக வரிசையாகக் கூரைகள். பண்ணையில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓரத்தில் இருப்பது மருதையனும் அவன் மனைவி அம்சமும். மருதையன் இப்போது சங்கத்தில் இருக்கிறான், சிவப்புத் துண்டு. புதுச் சட்டப்படி, இந்த ஜூன் மாதம் யார் எந்த மனையில் குடியிருந்தார்களோ அது அவர்களுக்கே சொந்தம். அமிர்தலிங்கம்தான் விசாரித்து எழுத வேண்டியவர். குடியிருப்பு என்று எழுதினால் மனை அவர்களுக்கு. அறுப்புக்கு வருகிற ஆட்கள் தங்கும் கொட்டகை என்று எழுதினால் தை அறுப்பு முடிந்ததும் பிரித்துப் போடலாம். இவர் அந்த இடத்தில் அரவை மில் போட நினைக்கிறார். ரோடு இருக்கிறது, கரண்ட் வந்துவிட்டது.

அதனால் இந்த வீட்டில் ஒரு மாதமாக ஒரு சொல் கிடையாது. அம்சம் வீடு, மருதையன் வீடு என்று யாரும் சொல்லக் கூடாது. கொட்டகை. அத்தை பாவம், பழக்கத்தில் "அம்சம் வீ" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "கொட்டகைல போயி அவளைக் கூட்டியா" என்கிறார். இவர் ஒவ்வொரு தடவையும் திருத்துகிறார். கோபமே இல்லாமல், பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி. இவர் கெட்டவர் இல்லை அக்கா. அதை உனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கிழக்கே கூலி கேட்டவர்களைக் குடிசையோடு எரித்த பிறகு இங்கே யாரும் சத்தமாகப் பேசுவதுகூட இல்லை.

இவர் காரம் தூக்கலாக வைக்கச் சொல்கிறார். காரம் ஏறினால் பாட்டிலும் ஏறும், பாட்டில் ஏறினால் பேச்சு சுலபமாக முடியும் என்பது கணக்கு.

நான் ஒன்று கேட்கிறேன். ஒருவர் நிறையக் குடிக்காமல் இருக்க என்ன பரிமாற வேண்டும்?

மங்களம்


பெங்களூர்
8-11-1971

மங்களத்துக்கு அக்கா. எல்லாரும் இருக்கிறோம்.

முதலில் எழுதியதை மற. கடலை வேண்டாம். இறால் வறுவல் வேண்டாம். உப்பும் எண்ணெயும் வைத்தால் கை தானாக டம்ளருக்குப் போகும்.

வந்தவுடன் வயிற்றில் ஏதாவது போடு. இட்லி கொடு, கேலி செய்தாலும் கொடு. மோர் கொடு.

பிறகு நண்டு வை. நண்டுக்கு இரண்டு கையும் வேண்டும். ஓடு உடைக்கணும், உறிஞ்சணும், விரலெல்லாம் மசாலா. அந்தக் கையோடு கண்ணாடி டம்ளரைத் தூக்க யாருக்கும் மனசு வராது. கழுவிவிட்டு வந்து ஒரு வாய் குடித்தால் அடுத்த நண்டு இலையில் இருக்கும். பெரிய நண்டு வேண்டாம், சீக்கிரம் தீரும். சின்னதாக, ஓடு நிறைய இருப்பதாக. ஒரு மணி நேரம் ஓட்டலாம். டம்ளரில் நுரை செத்துவிட்டால் அப்புறம் அது வெறும் கசப்புத் தண்ணீர், அவர்களே ஒதுக்கிவிடுவார்கள்.

இங்கே எப்போதாவதுதான் நண்டு வரும்.

நீ எதற்குக் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை.

அக்கா


செம்பியங்கரை
16-11-1971

அக்கா,

உன் கார்டு சாப்பாட்டுக்கு முந்தின நாள் கிடைத்தது. அதில் அத்தான் எழுத்து இல்லை. நலம்தானே?

சாப்பாடு நடந்தது. வரிசையாக எழுதுகிறேன், எழுதினால் எனக்கும் தெரியும்.

மழையில் முத்துப்பேட்டைப் பக்கம் நண்டு வரவில்லை. வயலில் இருந்தது, வரப்பெல்லாம் வளை. அத்தை அடுப்படியில் வயல் நண்டு ஏற்றினால் அவர் ஊரைவிட்டே போய்விடுவார். அம்சத்திடம் போய்ச் செய்து தரச் சொன்னேன். மடையோரம் நின்று சேற்றுக்காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எந்த அடுப்புல செய்யறது சின்னம்மா?"

"உன் அடுப்புலதான்."

"எங்க கொட்டகைல அடுப்பு இருக்கலாமா? சின்னய்யா இல்லேங்கிறாங்களே. இல்லாத அடுப்புல வெந்த நண்டு வயித்துக்கு ஒத்துக்குமா, ஆபீசரு வேற."

அவள் என்னைவிட மூத்தவள். நான் அவளை நீ என்கிறேன், அவள் என்னை நீங்க என்கிறாள்.

"சரி, போங்க. மிளகு மட்டும் குடுத்தனுப்புங்க, எங்கிட்ட இல்ல" என்றாள்.

இருட்டியதும் வந்தார்கள். அமிர்தலிங்கம் குட்டையானவர், தலை முழுக்க நரை, வேடிக்கையாகப் பேசுகிறார். செருப்பைக் கழற்றும்போதே "கிணத்துத் தண்ணி மாதிரி ஜில்லுனு ஏதோ இருக்குன்னு சொன்னாங்க" என்றார். நான் இட்லி வைத்தேன். உரக்கடைக்காரர், "தங்கச்சி, நாங்க ஆஸ்பத்திரில இருந்தா வர்றோம்?" என்றார். அமிர்தலிங்கம் நான்கு தின்றார். மோரும் குடித்தார். இவர் என்னைப் பார்த்தார். எதிர்பார்த்தது இது இல்லை என்று தெரிந்தது.

பாட்டில்களை உமி தட்டி எடுத்தேன். அத்தான் சொன்னபடி இவர் சாய்த்து ஊற்றினார். நன்றாகவே ஊற்றினார். நுரை நின்றது. அம்சம் கொல்லைப் படி வழியாகச் சட்டியை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள். வாழையிலையில் நண்டு வைத்தேன். மிளகு, பூண்டு, கறிவேப்பிலை, வேறொன்றும் இல்லை.

பிறகு பேச்சே இல்லை. ஓடு உடைகிற சத்தம் மட்டும். நீ சொன்னதுபோல். டம்ளர்கள் அப்படியே நின்றன. இவர்கூட இரண்டு கையாலும் தின்றார். இன்னும் கொஞ்சம் வை என்று என்னிடம் கேட்டார். கல்யாணமான இரண்டு வருஷத்தில் அவர் இப்படிக் கேட்டது இல்லை.

அமிர்தலிங்கம் ஒரு காலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது கடல் நண்டு இல்லையே. நான் தரங்கம்பாடிக்காரன், என்னை ஏமாத்த முடியாது. வயல் நண்டு. யாரு கைப்பக்குவம்?"

"வீட்டுல பண்ணதுதாங்க" என்றார் இவர்.

நான் சாதத்தோடு வாசற்படியில் நின்றேன்.

"அம்சம் வீட்டுல பண்ணது" என்றேன்.

"எந்த அம்சம்?"

"களத்துமேட்டு அம்சம்."

உரக்கடைக்காரர் கையை இலையை விட்டு எடுத்தார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் குனிந்துகொண்டார். அமிர்தலிங்கம் என்னைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார்.

"களத்துமேட்டுல வீடா?"

"கொட்டகைங்க. அறுப்பு ஆளுங்க தங்குறது. இவளுக்குப் பேச்சு வழக்கு."

"அறுப்பு தையிலதானே. இப்ப ஐப்பசி." உடனே தானே சிரித்தார், ஏதோ பொதுவாகச் சொன்னதுபோல. பிறகு கேட்டார்: "அடுப்பு உண்டா அங்க?"

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. இவர் பேசலாம் என்று காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன்.

"உண்டுங்க. மண்ணு பூசின அடுப்பு, ரெண்டு கண்ணு. அம்சத்தோட மாமியா போட்டது" என்றேன்.

அமிர்தலிங்கம் எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வந்து தயிர் சாதம் சாப்பிட்டார். மழையைப் பற்றிப் பேசினார், தரங்கம்பாடிக் கோட்டை மதிலைக் கடல் எப்படித் தின்கிறது என்று சொன்னார். போகும்போது என்னிடம் "சாப்பாடு நல்லாருந்துச்சும்மா" என்றார். இவரிடம் "தேதி சொல்லி அனுப்புறேன்" என்றார்.

டம்ளர்கள் முக்கால் நிறைந்திருந்தன. இவர் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வழியாக மழையில் கொட்டினார்.

காலையில் அத்தைக்குத் தெரிந்துவிட்டது. "அவ வீட்டுல வெந்ததை எம் புள்ளைக்குப் போட்டியாடி" என்று அழுதார். அத்தையும் வீடு என்றுதான் சொன்னார். யாரும் திருத்தவில்லை.

மங்களம்


செம்பியங்கரை
10-12-1971

அக்கா,

நலம் என்று எழுதுகிறேன். போன மாதம் எழுதிய நீளக் கடிதம் கிடைத்ததா? யுத்தம் என்பதால் தபால் தாமதம் என்கிறார்கள். இங்கே ராத்திரி விளக்கு ஏற்றுவதில்லை. ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறோம். ரேடியோ கேட்கிறோம்.

இவர் என்னோடு பேசுகிறார். உப்பு, சாவி, தபால். அவ்வளவுதான்.

பதில் போடு. அத்தான் எப்படி இருக்கிறார்?

மங்களம்


பெங்களூர்
22-12-1971

மங்களத்துக்கு அக்கா எழுதுவது. யுத்தம் முடிந்தது, தெருவில் லட்டு கொடுத்தார்கள். குழந்தைகள் சௌக்கியம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தது. தாமதத்துக்குக் காரணம் தபால் இல்லை, நான்தான்.

முதல் கடிதத்தை எத்தனையோ தடவை படித்தேன். வீடு என்று சொன்னது வாய் தவறி வந்தது. ஒப்புக்கொள்கிறேன், யாருக்கும் வரும். அடுப்புக்கு எத்தனை கண் என்று உன்னை யார் கேட்டார்கள்?

நீ இப்போது என்ன செய்ய வேண்டும் தெரியுமா? மாப்பிள்ளையிடம் போய் வாய் தவறிவிட்டது என்று சொல். அவர் நல்லவர், நீயே எழுதியிருக்கிறாய். நல்லவர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். ஒரு சொல்தானே மங்களம். நாமெல்லாம் எத்தனை சொல்லை முழுங்கியிருக்கிறோம். முழுங்கினால் செரித்துவிடும். அப்பாவுக்கு வயதாகிறது. நீ பெட்டியோடு அவர் வாசலில் போய் நின்றால் அவர் தாங்கமாட்டார். உனக்கு ஒரு குழந்தைகூட இன்னும் இல்லை, அந்த வீட்டில் உன்னைப் பிடித்து நிறுத்த.

இதை எழுதியதற்கு நீ என்னைத் திட்டுவாய். திட்டு.

அத்தான் கொஞ்ச நாளாக வீட்டில்தான் இருக்கிறார். உடம்பு சரியில்லை.

அக்கா


செம்பியங்கரை
9-1-1972

அக்கா,

திட்டவில்லை. நலம். பனி. நெல் பழுக்க ஆரம்பித்துவிட்டது.

அத்தானுக்கு என்ன உடம்புக்கு? நீ எழுதவில்லை.

விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது, தை கடைசியில். நேற்று இவர் ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வக்கீல் எழுதியது. நண்டு எங்கள் பின்கட்டில் என் மேற்பார்வையில் சமைக்கப்பட்டது, களத்துமேட்டில் அடுப்பு எதையும் நான் பார்த்ததில்லை. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"வாய் தவறிச் சொன்னேன்னு வச்சுக்க. இதுல போட்டுரு. அதுக்கப்புறம் இந்தப் பேச்சே கிடையாது. உன்னை நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொல்லலை."

"சொல்ல மாட்டேன். அவங்களை நான் நடுரோட்டுல விட்டுடப் போறேன்னு நினைக்கிறியா? வேற இடம் காட்டுவேன். நான் குடுத்து அவங்க வாங்கிக்கணும். சட்டம் வந்து எங்கிட்டருந்து பிடுங்கிக் குடுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

இதில் ஒரு நியாயம் இருக்கிறதா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். கொடுக்கிற கையும் வாங்குகிற கையும். அவர் உண்மையாகவே கொடுப்பார் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மருதையனுக்கு இந்த வருஷம் அறுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெளியூர் ஆள் வருகிறது. அம்சத்தை வாய்க்காலில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள்.

"தாளு வந்துடுச்சாமே."

"யார் சொன்னது?"

"உங்க வீட்டுச் செவுத்துக்குக் காது இருக்கோ இல்லையோ, எங்க கொட்டகைக்கு இருக்கு." சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். "நீங்க சொன்னதைத் திருப்பி வாங்கிட்டா எங்களுக்குக் கூரை இல்ல. வாங்கலேன்னா உங்களுக்கு அங்க இடம் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே வயித்துவலி. கையெழுத்துப் போட்டுடாதீங்கன்னு நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேன் சின்னம்மா. சொன்னா அப்புறம் நாளைக்கு நீங்க எனக்காகச் செஞ்சதா ஆயிடும்."

கூடையைத் தூக்கிவிட்டேன். கனமாக இருந்தது.

தாள் இன்னும் மேஜைமேல் இருக்கிறது. பேனாவையும் அவரே பக்கத்தில் வைத்திருக்கிறார்.

வாய் தவறியதா என்று நீயும் கேட்கிறாய், இவரும் கேட்கிறார். முதல் சொல் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாவது தெரியும்.

மங்களம்


பெங்களூர்
20-1-1972

மங்களம்,

பொங்கல் வைத்தேன். குழந்தைகளும் நானும்.

போன கடிதத்தில் உனக்கு ஒரு சொல்தானே என்று எழுதினேன். நீ அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அத்தானுக்கு என்ன உடம்புக்கு என்று மட்டும் கேட்டாய்.

பால்காரன் கேட்டால் உடம்பு சரியில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டால் உடம்பு சரியில்லை. அப்பாவுக்கு எழுதுவது உடம்பு சரியில்லை. அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே சில நாள் கஷாயம் போட்டுக் கொடுக்கலாமா என்று தோன்றிவிடுகிறது.

அவர் குடிக்கிறார். ருசி பார்ப்பது அவர் வேலை என்று ஆரம்பித்தது. தொழிற்சாலையில் நவம்பரிலேயே வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். நண்டு வைத்தால் குறையும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

எழுதிவிட்டேன். தலையில் ஒன்றும் இடிந்து விழவில்லை. அடுப்பில் பால் பொங்கிவிட்டது, அவ்வளவுதான். போய் இறக்கிவிட்டு வந்தேன்.

நீ சொன்னது சொன்னதாக இருக்கட்டும். அப்பாவுக்கு நான் எழுதுகிறேன்.

அக்கா


செம்பியங்கரை
14-2-1972

அக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் முதலில். குழந்தைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் இங்கே வா. அத்தான் வந்தாலும் வரட்டும், வராவிட்டாலும் நீ வா. எத்தனை நாள் என்று நான் கேட்கமாட்டேன், அப்பாவிடமும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். விசாரணை முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

தாளில் கையெழுத்துப் போடவில்லை. அதை மடித்து இவரிடமே கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்லுவ?" என்றார். "பார்த்ததைச் சொல்லுவேன்" என்றேன். அன்றிலிருந்து களத்து அறையில்தான் படுக்கிறார், அறுப்புக் காவல் என்று பெயர். அத்தை எனக்குச் சோறு போடுகிறார், முகத்தைப் பார்ப்பதில்லை.

தாலுகா ஆபீஸுக்கு இவரோடுதான் காரில் போனேன். களத்துமேட்டு ஆட்கள் பஸ்ஸில் வந்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் இரண்டு கூட்டம், நடுவில் வெற்றிலைக் கடை. அமிர்தலிங்கம் என்னை முன்பு பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பெயர் கேட்டார், கணவர் பெயர் கேட்டார். களத்துமேட்டில் யார் எத்தனை காலமாக இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்சம் அங்கேதான், அடுப்பு அதற்கும் முந்தியது என்றேன். குமாஸ்தா எழுதினார். வாசித்துக் காட்டும்போது "மேற்படி கொட்டகையில்" என்று வந்தது. "நான் வீடுன்னுதான் சொன்னேன்" என்றேன். குமாஸ்தா அமிர்தலிங்கத்தைப் பார்த்தார். "அவங்க சொன்னபடி எழுதுய்யா" என்றார் அவர். அடித்து எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தால் இவர் காரில் இருந்தார். கதவைத் திறந்துவிட்டார். ஏறினேன். பாலம் தாண்டியதும் முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவங்க பக்கம் போயிட்டியா?"

"இல்லை. எந்தப் பக்கமும் போகலை."

"அப்படி ஒண்ணு கிடையாது மங்களம்."

அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். தெரியவில்லை.

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. குடியிருப்பு என்று எழுதியிருந்தார்கள். அந்த வரிசை முழுவதும். இவர் அப்பீல் போகலாம், வக்கீல் அதைத்தான் சொல்கிறார். இவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று மனை அளக்க வந்தார்கள். அறுத்த நெல்லின் தாள் காலைக் குத்தியது. சர்வேயர் சின்ன வயசு, வெயிலில் எரிச்சலாக இருந்தார். பின்னால் தகராறு கூடாது, அளவுச் சங்கிலியின் ஒரு முனையைக் குடியிருக்கிறவர் பிடிக்கணும், இன்னொரு முனையைப் பட்டாதாரர் பக்கத்து ஆள் பிடிக்கணும் என்றார். அம்சம் ஒரு முனையை எடுத்துக்கொண்டு தன் வேலியோரம் போய் நின்றாள். எங்கள் பண்ணைக் காரியக்காரர் வரவில்லை, தலைவலி. டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவர் ரோட்டில் நின்றார்.

"மிராசு பக்கம் யாருங்க?" என்று சர்வேயர் இரண்டு தடவை கேட்டார்.

நான் வரப்பிலிருந்து இறங்கிப் போய் மறுமுனையைப் பிடித்தேன்.

மங்களம்